பக்கவாட்டுக் கதவு

பன்னிரண்டு வருஷமாய் என் வேலை ஒரு பொத்தான்.
யாரோ மணியடிப்பார்கள். சின்னத் திரையில்
நெற்றி மட்டும் பெரிதாய் ஒரு முகம் தெரியும்.
"என்ன விஷயமா வந்தீங்க?" என்பேன்.
பதில் தெரியாமல் திரும்பிப் போனவர்கள் உண்டு.
கணக்கெடுத்ததில்லை.

லொரெய்ன், ஒஹையோ. உருக்காலையில் பாதி உறங்கிவிட்டது,
மீதி கொட்டாவி விடுகிறது.
பிப்ரவரியில் ஏரிக்காற்று காதைக் கடிக்கும்.
பெற்றோர் கூட்டத்துக்கு நாற்பது நாற்காலி போட்டோம்.
வந்தவர்கள் மூன்று பேர்,
அதில் ஒருவர் வைஃபைக்காக.
மீந்த பீட்சாவை நானும் காவலாளியும்
செவ்வாய்க்கிழமை வரை தின்றோம்.

"அவங்களுக்கு அக்கறை இல்லை" என்றார்
ஆசிரியர் அறையில் யாரோ.
தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி.

பிறகு வந்தாள் மிக்டாலியா கொர்தேரோ.
கழுத்து அட்டையில் 'குடும்பத் தொடர்பாளர்' என்றிருந்தது.
வந்ததும் கடிதம் அனுப்புவதை நிறுத்தினாள்.
அடுத்து என்னிடம் கேட்டாள்:
"சனிக்கிழமை ராத்திரி இந்த ஊர் எங்கே இருக்கும்?"
எனக்குத் தெரியும். என் துணியும் அங்கேதான் சுழல்கிறது:
காசு போட்டால் துவைக்கும் கடை,
இருபத்தெட்டாம் தெரு, லாஸ்லோவுடையது.

அங்கே கூட்டம் போட்டோம். போட்டோம் என்ன,
அது எப்போதோ தொடங்கிவிட்டிருந்தது,
நாங்கள்தான் தாமதம்.
உலர்த்தி ஓடும் நாற்பது நிமிஷம்
யாரும் எழுந்து போக முடியாது.
இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசினார்கள்.
இரவு ஷிப்ட் முடிவது ஏழு மணிக்கு,
பேருந்து வருவது ஆறே முக்காலுக்கு,
நடுவில் பிள்ளையை யார் ஏற்றிவிடுவது?
பல்வலி என்றால் பள்ளியில் ஐஸ்கட்டி, அவ்வளவுதான்.
திங்கட்கிழமை என் மகனுக்குக் காய்ச்சல் இல்லை, மிஸ்,
இருந்தது ஒரே சட்டை, அது ஈரம்.

மிக்டாலியா சோப்புத்தூள் பெட்டியை மேசையாக்கி
எழுதிக்கொண்டே இருந்தாள்.
கைக்குழந்தையைத் துணிக்கூடையில் கிடத்திவிட்டு
ஒமயிரா என்னைப் பார்த்தாள்.
"உங்க குரலை எனக்குத் தெரியும்.
அந்தக் கேள்வி கேக்குற குரல்."

யாருடைய ஜிப்போ உலர்த்திக்குள்
டக், டக், டக்.

லாஸ்லோ இரண்டு பழைய இயந்திரங்களைத் தந்தார்,
ஒன்று ஓடும்.
பல் வேன் வியாழன்தோறும் வருகிறது,
பனி கொட்டினால் வராது.
ஐந்தரைக்கே விளக்குப் போட்ட தேவாலய நிலவறையில்
ஷிப்ட் முடியாத வீட்டுப் பிள்ளைகள் கஞ்சி குடிக்கிறார்கள்,
திராட்சை போட்டதா போடாததா என்று சண்டை.
நிதி கொடுப்பவர்களின் படிவத்தில்
'பெற்றோர் பங்கேற்பு: எத்தனை சதவீதம்?' என்று ஒரு கட்டம்.
மிக்டாலியா பேனாவைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்
எடுத்துவிட்டாள்.

ஆனால் அவர்கள் முதலில் கேட்டது இதெல்லாம் இல்லை,
பக்கவாட்டுக் கதவின் சாவி.
நிர்வாகக் குழு மூன்று கூட்டம் போட்டு இருமியது.
காப்பீடு என்றார்கள், பொறுப்பு என்றார்கள்.
பூட்டுக்கடைக்காரர் காசு வாங்காமல்
பதினான்கு சாவி வெட்டித் தந்தார்.
நவம்பரில் ஒன்று தொலைந்தது.
பூட்டை மாற்றச் சொல்லி முதல்வருக்கு மூன்று மின்னஞ்சல்,
ஒன்று நான் அனுப்பியது. ஒத்துக்கொள்கிறேன்.
அவர் மாற்றவில்லை.

நேற்று இருட்டில் வந்து சேர்ந்தேன்.
உள்ளே விளக்கு எரிகிறது,
சூடான பருத்தி வாசனை, யாரோ போட்ட காப்பி.
ஆலைச் சப்பாத்தோடு, முன்பின் பார்த்திராத ஒரு மனிதர்
மழலை வகுப்பின் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார்.
பழக்கதோஷம், என் வாய் "என்ன" என்று தொடங்கியது.
அவர் முந்திக்கொண்டார்:
"யாரைப் பார்க்கணும் உங்களுக்கு?"

இங்கேதான் வேலை பார்க்கிறேன் என்றேன்.
முழுக்க நம்பியதாய்த் தெரியவில்லை.
போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.
நீளமானது.
மடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.